தர நிர்ணய வயிறு

தீவகப் பாரம்பரிய உணவு மேம்பாட்டுச் சபையின் கந்தோர் ஊர்காவற்றுறையில் கடலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறது. தீவுப்பகுதி மக்கள் மறந்துவிட்ட உணவுகளை அவர்களுக்கு ஞாபகப்படுத்துவதற்காக அதை அமைத்தார்கள். ஆறு வருடங்களில் சபை பதினான்கு கருத்தரங்குகளை நடத்தியிருந்தது. ஒவ்வொன்றிலும் குரக்கன், சாமை, ஒடியல் ஆகியவற்றின் மகிமை பேசப்பட்டு, இடைவேளையில் றோல்ஸும் பற்றீஸும் பரிமாறப்பட்டன.

அவற்றைத் தொடாத ஒரே உத்தியோகத்தர் பிரியவதனி. கொள்கைப் பிடிப்பினால் அல்ல. அவளுக்கு சீலியாக் என்ற வருத்தம் இருப்பதாக, இரத்தம் சோதித்து, வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்து, யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் இரண்டு வருடங்களுக்கு முன் சொல்லியிருந்தார். கோதுமையில் குளுட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் அவளுடைய உடம்பு அவளுடைய குடலையே எதிரியென்று எண்ணித் தாக்கும். குளிசை கிடையாது. கோதுமையைத் தவிர்ப்பது ஒன்றே வைத்தியம். பாண் இல்லை, றொட்டி இல்லை, ஊரெல்லாம் அரிசிமாவோடு கோதுமைமா கலந்து அவிக்கிற புட்டும் இல்லை. சரவணையிலிருந்து பஸ்ஸில் வரும்போது சோற்றுப் பெட்டியையும் தேத்தண்ணிப் போத்தலையும் கொண்டுவந்து, தன் மேசையிலேயே சாப்பிடுவாள். "கந்தோரோடை ஒட்டாத பிள்ளை" என்று அவளுடைய கோப்பில் ஒரு குறிப்புக்கூட இருந்தது.

சபையின் பணிப்பாளர் குமாரசுவாமி அந்த வருடம் ஒரு பெரிய காரியம் செய்தார். ஒடியல் புட்டு மாவைப் பெட்டியில் அடைத்து விற்பது என்று தீர்மானித்தார். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்து அரித்தால் மா. பெட்டியில் பனைமரப் படம் போட்டு, "நூறு வீதம் ஒடியல். கோதுமை அற்றது" என்று அச்சடிக்க உத்தரவிட்டார். முதல் புட்டு கந்தோர்க் குசினியில் அவிந்த அன்று, தட்டோடு நேரே பிரியவதனியின் மேசைக்கு வந்தார்.

"சாப்பிடும் பிள்ளை. இது உமக்கெண்டே செய்தது மாதிரி."

"கோதம்ப கலக்கேல்லைத்தானே, சேர்?"

குமாரசுவாமி ஒரு கணம் புண்பட்டவர் போல நின்றார். பிறகு பெட்டியை எடுத்து, எழுத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "வாசியும். நானே எழுதினனான்."

ஒரு மனுஷர் தன் கைப்பட எழுதியதை எப்படிச் சந்தேகிப்பது? பிரியவதனி தேங்காய்ப்பூவோடு மூன்று கவளம் சாப்பிட்டாள். நல்ல பூப்போலப் புட்டு. ஒடியல் புட்டு அவ்வளவு மெத்தென்று இருக்காதே என்ற யோசனை நாலாவது கவளத்தில்தான் வந்தது. அதையும் விழுங்கியிருந்தாள்.

பின்னேரம் பஸ்ஸில் வயிறு கல்லாகக் கட்டியது. வீட்டுப் படலையைத் திறக்கும்போது வாந்தி. அதன் பிறகு வயிற்றாலை போகத் தொடங்கியது. கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடுவில் எத்தனை தரம் நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுடைய கணவன் தயாபரன் வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர். மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சேலைன் ஏற்றிக் கொண்டுவந்தான்; அடுத்த நாள் லீவு போட்டான்.

முதல் நாள் சுடுதண்ணியும் உப்புப் போட்ட கஞ்சித் தெளிவும். இரண்டாம் நாள் குழையக் காய்ச்சிய சிவப்பரிசிக் கஞ்சி. சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வயிற்றுக்குத்து அடங்கினாலும் தலைக்குள் பஞ்சு அடைத்தது போலிருந்தது. மின்விசிறிக்குப் பெயர் மறந்து, "உந்தச் சுத்திறதைப் போடுங்கோ" என்றாள். வாய்க்குள் புண் வந்தது. மூன்றாம் நாள் முற்றம் வரை நடந்தாள். நாலாம் நாள் ஒரு வாழைப்பழம் தங்கியது. அது வீட்டில் பெரிய செய்தி.

"உள்ளை குடல் ஆறுறதுக்கு மாதக்கணக்கு வேணும் எண்டு டொக்டர் சொன்னவர்" என்றான் தயாபரன். "உமக்குச் சுகம் வந்தமாதிரி இருக்கும். குடலுக்கு வந்திராது. விளங்குதே?"

"எனக்கு விளங்குது. கந்தோருக்குத்தான் விளங்கப்படுத்தவேணும்."

ஐந்தாம் நாள் வைத்தியச் சான்றிதழோடு கந்தோருக்குப் போனாள். நிர்வாக உத்தியோகத்தர் சிவயோகம் கண்ணாடியைப் போட்டு அதை வாசித்தார், கழற்றி வாசித்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்.

"காரணம் எண்டதுக்குக் கீழை ஒண்டுக்குப் புள்ளடி போடவேணும் பிள்ளை. காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல், விசக்கடி, விபத்து. உம்மடை வருத்தம் இதிலை இல்லை."

"அப்ப என்ன செய்யிறது மிஸ்?"

"தற்செயலாய்ச் சாப்பிட்டனீர் எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார். தற்செயல் எண்டால் விபத்துத்தான். போடும்."

பிரியவதனி விபத்துக்குப் புள்ளடி போட்டாள். விபத்து நடந்த இடம் என்ற கோட்டில் 'கந்தோர்' என்றும், விபத்துக்குள்ளாக்கிய வாகனம் அல்லது பொருள் என்ற கோட்டில் 'ஒடியல் புட்டு' என்றும் எழுதினாள். சிவயோகத்தின் முகம் மாறியது.

"என்ன காணும் எழுதியிருக்கிறீர்? எங்கடை புட்டிலை கோதம்ப இருக்கெண்டு ஆகுதே!"

"இருந்தபடியால்தான் மிஸ் எனக்கு வருத்தம் வந்தது."

"இருக்க ஏலாது. இல்லையெண்டு கோப்பிலை கிடக்கு. பஸ் குலுங்கினது எண்டு எழுதும். சரவணை றோட்டைப் பற்றி ஒருத்தரும் மறுத்துக் கதைக்கமாட்டினம்."

அவள் எழுத மறுத்தாள். அவளுடைய பணிவான பேச்சுக்குள் இப்படியொரு மறுப்பு இருப்பதை அவளே அன்றுதான் கண்டாள். ஆகவே மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் குமாரசுவாமி. செயலாளர் சிவயோகம். மூன்றாமவர் தொழினுட்பம் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னதால், கந்தோர் ஜெனரேற்றரைத் திருத்த வந்த மிரோஜனைக் கையைக் கழுவச் சொல்லிக் கதிரையில் இருத்தினார்கள்.

"புட்டுச் சாப்பிட முந்தி உமக்கு வருத்தம் இருந்ததோ?" என்று குமாரசுவாமி கேட்டார்.

"இல்லை சேர்."

"சாப்பிட்டாப் பிறகு?"

"வந்தது."

"எழுதுங்கோ மிஸ். வருத்தம் இல்லாத நிலையிலை புட்டுச் சாப்பிட்டிருக்கிறா. அதாவது புட்டுச் சாப்பிடேக்கை சுகமாய்த்தான் இருந்திருக்கிறா."

சிவயோகம் எழுதினார். மிரோஜன் கையை உயர்த்தினான். "சேர், அந்தப் புட்டுக்கு என்ன மா போட்டது?"

"அது விசாரணையின்ரை எல்லைக்குள்ளை வராது தம்பி. நாங்கள் இஞ்சை விசாரிக்கிறது வயித்தை. மாவை இல்லை."

வயிறு மிகைப்பட்ட உணர்ச்சியுடையது என்று குழு முடிவு செய்தது. அறிக்கையில் ஒப்பமிடப் பேனாவைத் திறந்த குமாரசுவாமி, திறந்தபடியே யோசித்தார். பெட்டியில் 'கோதுமை அற்றது' என்று போடுவதற்கு ஆய்வுகூடச் சோதனை வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்து, மேசையில் மூன்று கிழமையாகக் கிடந்தது. அவர் பிரியவதனியைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார்.

"பிள்ளை, ஒரு துகள் கோதம்ப இருந்தாலும் உமக்குத் தெரியும், என்ன?"

"ஓம் சேர். அதுதான் வருத்தமே."

"கொழும்புக்கு மாதிரி அனுப்பினால் ரெண்டு மாதம். உமக்கு அனுப்பினால் ரெண்டு மணித்தியாலம்." அவருடைய குரல் தழுதழுத்தது. "சபைக்குள்ளையே இப்பிடியொரு வளத்தை வைச்சுக்கொண்டு வெளியிலை தேடியிருக்கிறம்!"

அன்றைக்கே கடிதம் அடிக்கப்பட்டது. பிரியவதனி, தற்காலிகத் தர நிர்ணய உத்தியோகத்தர். மா கொண்டுவரும் ஒவ்வொருவருடைய மூட்டையிலிருந்தும் ஒரு கோப்பை புட்டு அவித்து உண்ணவேண்டும். வருத்தம் வந்தால் நிராகரிப்பு. வராவிட்டால் ஏற்பு. நிராகரிப்பு ஒவ்வொன்றுக்கும் அரைநாள் லீவு.

"சேர், ஒருக்கா வருத்தம் வந்தால் எழும்ப நாலு நாள் செல்லும். உள்ளுக்குக் குடல் பழுதாகும். டொக்டர் கண்டிப்பாய்ச் சொன்னவர்."

"நாலு நாள் எண்டால் மாதத்துக்கு ஏழு மூட்டை பாக்கலாம். காணும். பொது மக்களுக்காக நாங்கள் எல்லாரும் ஏதோ ஒரு உறுப்பைத் தேய்க்கிறம் பிள்ளை. எனக்குத் தொண்டை."

வீட்டில் தயாபரன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "நாளைக்கே எழுதிக் குடும். ஏலாது எண்டு. வேலை போனால் போகட்டும்."

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அடுத்த நாள் காலையில் மேரிறோஸ் போன் எடுத்திராவிட்டால் எழுதியும் இருப்பாள். மேரிறோஸ் மண்டைதீவுப் பெண், புருஷன் கடற்றொழிலாளி. இருவருக்கும் ஒரே வருத்தம் என்பதால், கிளினிக் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சிநேகிதமானவர்கள்.

"தங்கச்சி, உங்கடை கந்தோர்க்காரர் கோதம்ப இல்லாத புட்டுமா விடப்போகினமாம். நோட்டீசு ஒட்டிக் கிடக்கு. நான் ரெண்டு வருசமாய்ப் பயத்திலை கடைப் புட்டையே தொடேல்லை. அரசாங்கப் பெட்டியெண்டால் நம்பலாந்தானே?"

பிரியவதனிக்கு வாய்ப்புண் எரிந்தது. தான் வேலையை விட்டுப் போனால் அந்தப் பெட்டி மண்டைதீவுக்குப் போகும். மேரிறோஸ் பெட்டியின் எழுத்தைத் தன்னைப் போலவே வாசித்து, தன்னைப் போலவே நம்பித் தின்பாள்.

"இப்போதைக்கு வாங்காதையுங்கோ அக்கா. நான் சொல்லுறன்" என்றாள். பிறகு பதவியை ஏற்றுக் கடிதம் எழுதினாள்.

முதலில் வந்தவர் நெடுந்தீவு மார்க்கண்டு. வள்ளத்தில் மூட்டைகளை ஏற்றி, குறிகட்டுவானில் இறக்கி, லொறியில் கொண்டுவந்திருந்தார். குசினியில் புட்டு அவிந்தது. பிரியவதனி அவரைக் கதிரையில் இருத்தி, தட்டை முன்னால் வைத்தாள்.

"அண்ணை, எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. இதிலை கோதம்பமா கலந்திருந்தால் நான் இண்டைக்குப் பின்னேரம் விழுந்திடுவன். போனமுறை சேலைன் ஏத்தினவை. உள்ளுக்கும் பழுதாகுமாம். உங்கடை மா நல்ல மாவெண்டால் பயமில்லை. பாப்பம்."

ஒரு கவளம் எடுத்து வாயருகே கொண்டுபோனாள். உண்மையில் அவளுக்கு என்ன செய்வதென்று ஒரு திட்டமும் இருக்கவில்லை. பயந்து கை மெதுவாகப் போனது, அவ்வளவுதான். மார்க்கண்டு அந்தக் கையைப் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கவளம் உதட்டைத் தொடப்போகும்போது கதிரையை விட்டு எழும்பினார்.

"நில்லும் பிள்ளை! வையும் அதை!"

"ஏன் அண்ணை?"

"உம்மைச் சாகக்குடுத்திட்டு நான் எந்த முகத்தோடை வள்ளம் ஏறுறது? ஒண்டுக்கு ரெண்டு கோதம்பமா. எங்கடை ஆசையிலை கலக்கேல்லை. ஒடியல் அவ்வளவு இல்லை, இலக்கு முடியவேணும், கலவுங்கோ எண்டு உங்கடை பணிப்பாளர்தான் சொன்னவர். வாயாலை சொன்னவர். எழுத்திலை தரேல்லை."

அந்த மாதம் ஒன்பது பேர் மா கொண்டுவந்தார்கள். எட்டுப் பேர் அவளுடைய கையை நிறுத்தினார்கள். ஒருவர் அழுதார். இன்னொருவர் தட்டையே பறித்துக்கொண்டு வெளியே ஓடினார். நயினாதீவு இராசேஸ்வரி மட்டும் நிறுத்தவில்லை. "வடிவாய்ச் சாப்பிடு மோனை, என்ன கையிலை வைச்சுக்கொண்டு இருக்கிறாய்?" என்று சொல்லிக்கொண்டே அதே தட்டிலிருந்து தானும் எடுத்துச் சாப்பிட்டார். சரியான ஒடியல் புட்டு. கறுத்து, இறுகி, இலேசாய்க் கசக்கிற வாசம். பிரியவதனி அவரை முழுதாக நம்பினாள். ஆனாலும் நம்பிக்கையை வயிற்றில் போட்டுப் பார்க்கவில்லை. தயாபரன் ஒரு போத்தலில் கொஞ்ச மா எடுத்துப் போய், தன் பழைய ஆசிரியர் வேலை செய்த ஆய்வுகூடத்தில் கொடுத்தான். சுத்தம் என்று பதில் வந்தது.

ஒன்பதில் எட்டு நிராகரிப்பு என்று அவள் அறிக்கை கொடுத்தாள். குமாரசுவாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய லீவுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"எட்டு நிராகரிப்பு. ஒரு அரைநாள் லீவு கூட இல்லை. இது எப்பிடி?"

"நான் சாப்பிடேல்லை சேர். அவையே சொன்னவை."

"வருத்தம் வராமல் நிராகரிச்சிருக்கிறீர்!" அவர் உண்மையாகவே திடுக்கிட்டிருந்தார். "நடைமுறை என்ன? சாப்பிடவேணும், விழவேணும், நிராகரிக்கவேணும். நீர் நேரே மூண்டாவதுக்குப் போயிருக்கிறீர். ஒருத்தன் வந்து உண்மையைச் சொன்னான் எண்டதையெல்லாம் சோதனை எண்டு எடுக்கத் தொடங்கினால் இந்தக் கந்தோர் என்னத்துக்கு?"

அறிக்கை செல்லாது என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா. மாகாணத்திலிருந்து செயலாளர் அம்மா வருகிறார். அவர் முன்னிலையில், மேடையில், பிரியவதனி புட்டை உண்டு காட்டவேண்டும். விழா ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வருத்தம் வர இரண்டு மணித்தியாலம் எடுக்கும் என்பதை அவர் விசாரணைக் கோப்பிலிருந்து குறித்து வைத்திருந்தார்.

"நீர் மாட்டன் எண்டால் ஒழுக்காற்று நடவடிக்கை" என்று சிவயோகம் காதோடு சொன்னார். "நான் கடிதம் அடிச்சு வைச்சிட்டன் பிள்ளை. திகதி மட்டும்தான் போடேல்லை."

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் மாவிலைத் தோரணம், மேடையில் பன்னிரண்டாயிரம் பெட்டிகளில் முந்நூறு கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். பின் வரிசையில் தயாபரன் சுடுதண்ணிப் போத்தலும் துவாயும் வைத்த பையோடு இருந்தான். அவனுக்குப் பக்கத்தில், மண்டைதீவிலிருந்து பஸ்ஸில் வந்த மேரிறோஸ். அவளிடம் பிரியவதனி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "வாயிலை போட்டிராதை தங்கச்சி, நான் மேடைக்கு ஏறிடுவன்" என்று மேரிறோஸ் எச்சரித்திருந்தாள்.

மங்கள விளக்கேற்றி, வரவேற்புரை முடிந்து, குமாரசுவாமி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கலப்படம் நிறைந்த இந்த உலகத்திலை, கலப்படமில்லாத ஒரே நிறுவனம் எங்களுடையது. இயந்திரத்தை நாங்கள் நம்பேல்லை. இயந்திரம் பொய் சொல்லும். நாங்கள் நம்புறது எங்கடை உத்தியோகத்தரை. இதோ, கோதுமை ஒரு துகள் பட்டாலும் தாங்கேலாத எங்கடை தர நிர்ணய உத்தியோகத்தர் உங்கள் எல்லார் முன்னாலையும்..."

பிரியவதனி தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்தாள். மெத்தென்ற, வெள்ளைப் புட்டு. சனத்தைப் பார்க்கவில்லை, குமாரசுவாமியைப் பார்த்துத் திரும்பி நின்றாள். எட்டுப் பேர் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் வள்ளத்தில் வந்தவர்கள், மா இடிப்பவர்கள். இவர் பணிப்பாளர். இவர் நிறுத்துவார் என்பதற்கு எந்தக் கோப்பிலும் ஆதாரம் இல்லை. நிறுத்தாவிட்டால் கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு வேலையையும் போட்டுவிட்டு இறங்குவது என்று தீர்மானித்திருந்தாள்.

"...உங்கள் முன்னாலையும்... அதை..." குமாரசுவாமி ஒலிவாங்கியைக் கைமாற்றிப் பிடித்தார். அவர் கவளத்தைப் பார்த்தார். சேலைன் ஏற்றிய பிறகு பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடத்தில், அவளுடைய கையில் இன்னும் ஒரு கறுத்த புள்ளி இருந்தது. அதையும் பார்த்தார். முன் வரிசையில் செயலாளர் அம்மா கைதட்டத் தயாராகக் கைகளைச் சேர்த்தார். கவளம் உதட்டருகே வந்தது.

"வையும் பிள்ளை! சாப்பிடாதையும்!"

மண்டபத்தின் நான்கு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகள் அதைச் சொல்லின.

செயலாளர் அம்மா எழும்பினார். "ஏன்?"

"மூண்டிலை ரெண்டு பங்கு கோதம்பமா, மேடம்" என்று குமாரசுவாமி சொன்னார். ஒலிவாங்கி கையில் இருப்பதை அவர் மறந்திருந்தார். "இலக்கை முடிக்கவேண்டாமோ? பனை பூக்கிற வேகத்துக்கு அறிக்கை எழுதேலுமோ? அவ்வளவு பேரும் கோதம்ப தின்னுறவை தானே, ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சன். இந்தப் பிள்ளை ஒண்டுதான்..."

"ஒண்டில்லை!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மேரிறோஸ் கதிரைக்கு மேல் ஏறி நின்றாள். "நானும் இருக்கிறன்! இன்னும் எத்தினை பேர் இருக்கிறமோ!"

சனம் திரும்பிப் பார்த்தது. பிறகு மேடையைப் பார்த்தது. யாரோ கைதட்டினார்கள், எதற்கு என்று விளங்காமல் மற்றவர்களும் தட்டினார்கள். கைதட்டலைக் கேட்டதும் குமாரசுவாமிக்கு உயிர் திரும்பியது. ஒலிவாங்கியை நெருக்கிப் பிடித்தார்.

"இதுதான் எங்கடை தரக் கட்டுப்பாடு! கடைசி நிமிசத்திலையும் நிப்பாட்டுவம்! வேறை எந்த நிறுவனம் தன்ரை பொருளைத் தின்னாதையுங்கோ எண்டு தானே சொல்லும்?"

பெட்டிகளைத் திருப்பி அச்சடிக்க வழியில்லாததால், கறுப்பு மார்க்கரால் ஒரு சொல்லை மட்டும் வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. 'கோதுமை அற்றது' என்பதில் 'அற்றது' வெட்டப்பட்டது. பன்னிரண்டாயிரம் பெட்டிகளிலும் பிரியவதனியும் சிவயோகமும் மிரோஜனும் இருந்து வெட்டினார்கள். 'நூறு வீதம் ஒடியல். கோதுமை' என்ற பெட்டி ஒரு மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. புட்டு நல்ல மெத்தென்று இருக்கிறதாம். இராசேஸ்வரியின் மாவை மேரிறோஸ் நேரே நயினாதீவுக்குப் போய் வாங்கத் தொடங்கினாள். பிரியவதனிக்கும் ஒரு பை வரும். மூன்று மாதம் கழித்து நடந்த இரத்தப் பரிசோதனையில் அவளுடைய குடல் ஆறி வருவதாக டொக்டர் சொன்னார்.

தர நிர்ணயப் பதவி எழுத்தில் நீக்கப்படவில்லை. ஆளில்லாமல் இருக்கிறது என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

குமாரசுவாமியின் மேல் விசாரணை வரும் என்று கந்தோர் எதிர்பார்த்தது. மேலிடத்திலிருந்து வந்தது, பரிந்துரை கேட்டு ஒரு கடிதம். கடமையின்போது கீழ்நிலை உத்தியோகத்தர் ஒருவரின் உயிரைக் காப்பாற்றியமைக்காக வருடாந்த வீரச் செயல் விருதுக்கு அவருடைய பெயரை அனுப்பவேண்டும். படிவத்தைக் காப்பாற்றப்பட்டவரே நிரப்பவேண்டும் என்பது விதி.

பிரியவதனி பெயர், வயது, பதவி எல்லாம் எழுதிவிட்டு ஏழாவது கேள்விக்கு வந்தாள். 'எந்த ஆபத்திலிருந்து காப்பாற்றப்பட்டார்?' ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். 'சபையிலிருந்து' என்று எழுதிச் சிவயோகத்திடம் கொடுத்தாள்.

சிவயோகம் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கழற்றி வாசித்தார். படிவத்தைத் திருப்பி நீட்டினார்.

"இப்பிடி மொட்டையாய்ச் 'சபை' எண்டு எழுத ஏலாது பிள்ளை. எந்தச் சபை எண்டு மேலிடத்துக்கு எப்பிடித் தெரியும்? முழுப் பேரையும் எழுதும்."

பிரியவதனி முழுப் பெயரையும் எழுதினாள். சிவயோகம் அதன் மேல் சபையின் முத்திரையைக் குத்தினார்.